கஸ்டம்ஸ் அக்கா

சட்டைக் காலரை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்க்கிறாள். எதுவும் தட்டுப்படவில்லை. அதை நம்பிவிடுகிற ஆள் அவள் இல்லை. கழுத்தில் நாடாவோடு தொங்கும் சின்னக் கத்தரியால் காலர் ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் துழாவுகிறாள். அடுத்து கைமடிப்பு. அதற்கடுத்து பொத்தான் பட்டி. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். "அது வெறும் சட்டைக்கா" என்கிறாள் எரிச்சலோடு. "சட்டைதான்மா. நான் சும்மா நலம் விசாரிக்கிறேன்" என்கிறாள் இவள், தலையை நிமிர்த்தாமல்.

தேவாலயம் ஒன்று நடத்தும் மறுவாழ்வு இல்லம் அது. போதையில் விழுந்து எழ முடியாமல் போன இளம்பெண்கள் ஒரு வருடம் தங்கி, தோட்டம் கொத்தி, ரொட்டி சுட்டு, காலையும் மாலையும் ஜெபித்து, தங்களை மீட்டுக்கொள்ளப் பார்க்கிற இடம். மொத்தம் முப்பது கட்டில்கள். வாசலை ஒட்டிய முதல் அறைதான் இவளுடைய ராஜ்ஜியம். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, கம்பி வைத்த ஜன்னல், ஓரம் பெயர்ந்த ஒரு எனாமல் தட்டு. உள்ளே வருகிற எந்தப் பையும் இந்த மேசையில் கொட்டப்படாமல் கட்டிலுக்குப் போக முடியாது. அதனால் பிள்ளைகள் 'கஸ்டம்ஸ் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று. "பாட்டின்னு கூப்பிடாம விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்பாள்.

இருபத்தாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் நின்றவள். கோணல் தையலைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இங்கேயும் பார்க்கிறாள். சோப்பை இரண்டாக வெட்டுவாள். பற்பசையை ஒரு கிண்ணத்தில் பிதுக்கிவிட்டு, புதுசு ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். செருப்பை வளைத்துக் காதோரம் வைத்துக் கேட்பாள். "என்னக்கா, அது பேசுதா?" என்று ஒருத்தி கிண்டலாகக் கேட்டாள். "பேசுது. உன்னைவிடக் கொஞ்சம் உண்மையாப் பேசுது."

பகலில் பிரித்ததையெல்லாம் மாலை மணி அடிப்பதற்குள் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். யாரும் போடாத இந்தச் சட்டத்தை அவளே தனக்குப் போட்டுக்கொண்டாள். பிரித்த இடம் எது என்று சட்டைக்காரிக்கே தெரியாது. போகிற போக்கில் அறுந்த பொத்தானையும் கிழிந்த பையையும் சரிசெய்துவிடுவாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஒருத்தி, பொத்தான்கள் முழுசாக இருந்த சட்டையைக் கையில் வாங்கியதும் உட்கார்ந்து அழுதாள். இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள்.

பையைத் திறப்பதற்கு முன்னால் அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வந்திருப்பவளுக்காக வாய்விட்டு ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வந்தவள் தன்னிடம் இருப்பதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் கேள்வி கிடையாது, கட்டில் அவளுக்கு. 'ஆமென்' சொல்லித் திரும்பிய பிறகு ஏதாவது அகப்பட்டால் கட்டில் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவளுக்குப் போய்விடும். பிடிபட்டவள் ஆறு மாதம் கழித்துத்தான் வாசல் மிதிக்கலாம். சந்தேகம் இருந்தாலும் சோதிக்கிறவள் ஜாடை காட்டக் கூடாது. சொல்லி எடுத்தால் அது பிடிபட்டது. தானாக வைத்தால்தான் அது விட்டது.

கஸ்டம்ஸ் அக்காவின் ஜெபம் எல்லோருக்கும் ஒன்றுதான். "ஆண்டவரே, பிள்ளை வாசல்வரைக்கும் வந்துட்டா. மிச்ச தூரமும் நீங்களே நடத்திக் கூட்டிட்டுப் போங்க. ஆமென்." மூச்சு விட்டு வாங்குவதற்குள் முடிந்துவிடும். "பஸ் பிடிக்கப் போற மாதிரி ஜெபம் பண்றீங்களேக்கா" என்று குறை சொல்வார்கள். "அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தினமும் காலை பத்து மணிக்கு ரொட்டிக் கூடத்திலிருந்து ஒரு பெண் அவளுக்கு டீ கொண்டுவருவாள். இருபது வயது. "டீ" என்ற ஓரெழுத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு முறை நாக்கு முயல வேண்டும். இடது பக்கம் உதடு கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் டீயை வைத்துவிட்டுப் போகும்வரை கஸ்டம்ஸ் அக்கா எழுந்து நிற்பாள். அந்த டீயை மட்டும் ஒருநாளும் ஆறவிட்டதில்லை.

இதற்குக் காரணம் ஒரு கோட்டு. இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் சொந்த மகளே இங்கே வந்து சேர்ந்தாள். கல்லூரியில் ஆரம்பித்த பழக்கம்; வீட்டில் கெஞ்சியும் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று. மகளின் பையையும் இவள்தான் சோதித்தாள். எல்லாவற்றையும் பிரித்தவள், மகளின் பிறந்தநாளுக்குத் தான் தைத்துக் கொடுத்த குளிர்கோட்டை மட்டும் தடவிப் பார்த்து மடித்து வைத்துவிட்டாள். தான் போட்ட தையலில் கத்தரியை வைக்க மனசு வரவில்லை. மாத்திரைகள் அந்தக் கோட்டின் உள்துணிக்குள்தான் இருந்தன. பத்தாம் நாள் பக்கத்துக் கட்டில்காரி அவற்றை எடுத்து விழுங்கிவிட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தாள். பிழைத்ததே பெரிய காரியம். வருடம் முடிந்தும் ரொட்டிக் கூடத்து வேலைக்கு இங்கேயே தங்கிவிட்டாள்; அவள்தான் இப்போது டீ கொண்டுவருகிறவள். மகள் அன்றைக்கே சுவரேறிக் குதித்துப் போய்விட்டாள்.

இல்லத்தை நடத்துகிற பாஸ்டரிடம் போய் அக்கா கத்தரியைக் கழற்றி வைத்தாள். "என் கை சுத்தமில்ல பாஸ்டர். வேற ஆளைப் பாருங்க." அவர் கத்தரியைத் திருப்பித் தள்ளினார். "இனிமே நீங்க எதையும் விடமாட்டீங்க. அதனால நீங்கதான் பாக்கணும்." ஆறுதலாகச் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா என்பது இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. எப்படியிருந்தாலும் அன்றிலிருந்து எந்தத் தையலுக்கும் அவள் தயவு காட்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மகள் மறுபடியும் வந்தாள். தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். முந்தின வாரம் முழுக்க மருத்துவமனையில் கிடந்தவள். இன்னொரு முறை இப்படி ஆனால் தன் கையில் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இருபத்து நாலு வயதுக்காரி, நாற்பது மாதிரி இருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"ம்."

பாஸ்டர் வந்து நின்றார். "நீங்க விலகிக்கங்கம்மா. சமையக்கார அக்காவைப் பாக்கச் சொல்றேன்."

"அந்தக்கா கண்ணுக்குக் காலர் எது, கை எதுன்னே தெரியாது. நானே பாக்குறேன் பாஸ்டர்."

மகள் பையை மேசையில் வைத்தாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. கறுப்புப் பையின் தோள்வாரில் சாம்பல் நிற நூல். மகள் போட்டிருந்த ஸ்வெட்டரின் இடது கைமடிப்பிலும் அதே நூல். நெருக்கமான, ஒரே அளவான பின்தையல். பத்து வயதில் மடியில் உட்காரவைத்து இவளே சொல்லிக்கொடுத்த தையல். பார்த்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை. தட்டை மகள் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஆண்டவரே, பிள்ளை வாசல்வரைக்கும் வந்துட்டா. மிச்ச தூரமும் நீங்களே நடத்திக் கூட்டிட்டுப் போங்க."

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் சொல்கிற 'ஆமென்' வரவில்லை. பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் ஆண்டவரே, நம்ம சமையக்கார அக்கா முழங்கால் வலிக்கு ஒரு வழி பண்ணுங்க. பாஸ்டருக்கு சர்க்கரை ஏறாமப் பாத்துக்கங்க. என் தம்பி இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கான், அவனை நல்லபடியா வீடு கொண்டுபோய்ச் சேருங்க. தோட்டத்து மோட்டாரு நாலு நாளா ஓடல, அதையும் கொஞ்சம் என்னன்னு பாருங்க."

தம்பி திருதிருவென்று விழித்தான். மோட்டாருக்கெல்லாம் ஜெபமா என்று கேட்கத் தோன்றியிருக்கும். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், அவருக்குப் புரிந்துவிட்டது. இவள் கட்டில் கட்டிலாகப் போனாள். முதல் கட்டில்காரியின் தூக்கம், இரண்டாவது கட்டில்காரியின் அம்மா, ஒன்பதாவது கட்டில்காரிக்கு வராத கடிதம். ஒரு கட்டிலையும் விடவில்லை.

"எனக்கு டீ கொண்டு வர்ற பிள்ளை இருக்கா. அவ நாக்கை நேராக்கிக் குடுங்க. அன்னைக்கு நான் பிரிச்சுப் பாக்காம விட்டேன். என் பிள்ளைமேல இருந்த பாசத்துல, ஊரான் பிள்ளையைப் படுக்கவெச்சுட்டேன். இன்னைக்கு நான் விடமாட்டேன் ஆண்டவரே. விடவே மாட்டேன். அதனால எனக்கு முன்னாடி..."

மேலே பேச முடியவில்லை. அந்த அமைதியில், பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டது. தையல்காரிக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்காது. பிறகு எனாமல் தட்டில் ஏதோ சின்னதாக விழுந்து உருண்டது. தம்பி "அப்பாடா" என்று மூச்சு விட்டான்.

ஒன்று. அவள் பார்த்த தையல் இரண்டு.

கஸ்டம்ஸ் அக்கா திரும்பவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, சமையல்காரியின் முழங்காலிலிருந்து மறுபடியும் ஜெபிக்க ஆரம்பித்தாள்.