நாலு விரல் மடிப்பு

"எந்த போர்டு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் ஜானகிராமன் கழுத்தில் கிடக்கும் டேப்பைக் கையில் எடுப்பார். பள்ளிக்கூடத்தின் பேரெல்லாம் அவருக்கு அப்புறம்தான். ஸ்டேட் போர்டு என்றால் ஒரு தையல், மெட்ரிக் என்றால் இன்னொன்று, சென்ட்ரல் என்றால் அது தனி. பிள்ளையை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தித் தோளை அளப்பார், இடுப்பை அளப்பார். உயரத்துக்கு வரும்போது மட்டும் டேப் ஒன்று சொல்லும், இவர் ஒன்று சொல்வார். நாலு விரல் கூட்டித்தான் சொல்வார். ஏன் என்று கேட்கிற தாய்மாருக்கு ஒரே பதில்: "வளர்ற புள்ளைக்கு எடம் வுடணும்மா."

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாவு மெஷினுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய தையல் கடை. முன்னால் மிஷின், பின்னால் ஒரு தட்டி, தட்டிக்குப் பின்னால் குடித்தனம். மே மாதம் பிறந்துவிட்டால் அந்தச் சந்தில் நடக்க வழியிருக்காது. அவர் தைத்துக் கொடுக்கும் பாவாடையின் கீழ்விளிம்பில் நாலு விரல் துணி உள்ளே மடிந்து கிடக்கும். பெண் வளர வளர வீட்டிலேயே தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வெளுத்த துணியில் வெளுக்காத கோடாக அந்த மடிப்பு தெரியும். முத்தியால்பேட்டைப் பெண் பிள்ளைகள் பாதிப்பேர் அந்தக் கோட்டோடுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். "இப்பிடித் தெச்சிக் குடுத்தா அடுத்த வருஷம் எவ ஒன் கடைக்கு வருவா?" என்று அவர் மனைவி அமிர்தவல்லி கேட்காத வருஷமில்லை. அவர் சிரித்துக்கொண்டே மடிப்பார்.

போர்டுகளைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு சாஸ்திரம் உண்டு. கிழிசல் தைக்க வரும் துணிகளைப் பார்த்துப் பார்த்து அவரே உண்டாக்கிக்கொண்டது. "ஸ்டேட் போர்டு புள்ளைங்களுக்குப் பாக்கெட்டுதான் போவும். கோலி, புளியங்கா, கல்லுன்னு ரொப்பிக்கினு வரும். சென்ட்ரலுக்குத் தோள்பட்டை வுட்டுக்கும். பை அவ்ளோ கனம். மெட்ரிக்குல காலர் நுனிய மென்னுடுங்க. பயம்." பிளஸ் டூ என்று ஒன்று வந்ததிலிருந்து ஊரில் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் சரியில்லை. துணி கொடுக்க வந்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, சென்ட்ரல் உசத்தியா மெட்ரிக் உசத்தியா என்று கடைசியில் இவரையே கேட்பார்கள். ஜானகிராமன் பிள்ளையின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒல்லியா இருக்கு, சென்ட்ரல் தாங்காது சார்" என்பார். இதையும் நம்பி இரண்டொருவர் பிள்ளையை இடம் மாற்றியிருக்கிறார்கள். நன்றாகப் போயிற்றா, கெட்டுப் போயிற்றா என்று அவரும் கேட்டதில்லை, அவர்களும் வந்து சொன்னதில்லை. பக்கத்துச் சைக்கிள் கடை அரிகிருஷ்ணன் மட்டும் விடமாட்டார். "ஊருக்கெல்லாம் போர்டு சொல்றாரு, தன் கடைக்கு ஒரு போர்டு மாட்டக் காணோம்" என்பார். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லாதது வாஸ்தவம்தான்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இந்த வருஷம் அவர் வீட்டிலேயே தெரிந்துபோயிற்று. ஜானகிராமனுக்கு ஒரே மகள், சந்திரகலா. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு பிறந்தவள். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். எந்த போர்டு?

அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மனுஷன் யோசிப்பான், நாலு பேரைக் கேட்பான். ஜானகிராமன் தைத்தார். மீந்த துணிகளை ஒட்டுப் போட்டு, மகளுக்கு மூன்று யூனிஃபார்ம்களைத் தைத்து முடித்துவிட்டார். ஸ்டேட் போர்டுக்கு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும், மெட்ரிக்குக்குக் கட்டம் போட்ட துணியில் ஒன்று, சென்ட்ரலுக்கு மெரூன் நிறத்தில் ஒன்று. மூன்றிலும் நாலு விரல் மடிப்பு. ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, சந்தின் கோடி வரை ஓடிவிட்டு வரச் சொன்னார். எதில் பிள்ளை சிரமமில்லாமல் ஓடுகிறதோ அந்தப் பள்ளிக்கூடம் என்பது அவருடைய கணக்கு. அவளோ மூன்றிலும் ஒரே மாதிரி ஓடினாள். "நாளைக்கு நீலம், நாளான்னிக்குக் கட்டம்" என்று வாரம் பூராவுக்கும் திட்டம் போட்டாள். மூன்றும் சுவர் ஆணியில் தொங்க ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் அக்காள் வந்தாள். சின்னப்பொண்ணு என்று பேர், தலை நரைத்துவிட்டது. அவள் கணவர் நாராயணசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரான்சிலிருந்து மாதம் தவறாமல் பென்ஷன், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு. எல்லாம் இருந்தும் குழந்தை மட்டும் இல்லை. சந்திரகலாவைக் கடற்கரையில் விரல் பிடித்துக் கூட்டிப் போய், அலையை எண்ணச் சொல்லியே பிரெஞ்சில் பத்து வரை சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. அவர் மேல் ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்திருந்தால் ஜானகிராமனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, கலாவ எங்ககிட்ட வுடுடா. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல சேத்துடறோம். மாமா போய்ப் பேசிட்டு வந்துட்டாரு, எடம் இருக்குதாம்" என்றாள் அக்காள்.

"சேத்துடுங்கக்கா. தெனம் நான் சைக்கிள்ல கொண்டாந்து வுட்டுட்டு, சாயங்காலம் கூட்டியாந்துடறேன்."

"அது சரிப்படாதுடா. வூட்லயும் பிரெஞ்சு காதுல வுழுந்தாதான் புள்ள புடிச்சிக்கும். இங்க யாரு இருக்கா பேசறதுக்கு? எங்க வூட்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம கூட்டியாந்து காட்டறேன். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'மத்ததெல்லாம்' என்ன என்று புதுச்சேரியில் பிறந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் பிள்ளைக்கு வீடு மாறும். பிறகு தகப்பன் பேர் மாறும், பிறகு பாஸ்போர்ட் மாறும். ஞாயிறுதோறும் வருவது பொங்கல் தீபாவளிக்கு வருவதாகும். அப்புறம் என்றைக்கோ பாரீசிலிருந்து வந்து, கூடத்தில் உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போகும். இந்தச் சந்திலேயே அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. ஜானகிராமன் ஆணியில் தொங்கிய மூன்றையும் பார்த்தார். பிறகு, "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்மே கெடையாதேக்கா" என்றார். அக்காள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே எதிர்வாதம் அதுதான்.

மறுநாள் முதல் சாயங்காலத்தில் அவருடைய சைக்கிள் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. மற்றப் பள்ளிக்கூடங்கள் லீவு விட்டாயிற்று, இது மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தில் வெளியே வந்தார்கள். பாக்கெட்டைப் பார்த்தார், தோள்பட்டையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். அவருடைய சாஸ்திரத்தில் எதுவும் பொருந்தவில்லை. ஒரு சின்னப் பெண் ஓடிவந்து தன் தகப்பனிடம் மூச்சு விடாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் குனிந்து அதிலேயே பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். ஜானகிராமன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"எந்த எடத்துல கிழியும்னே தெரியல" என்றார் அமிர்தவல்லியிடம். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு அது வந்து ஒண்ணு சொன்னா, எனக்குப் புரியாதே" என்றார்.

அமிர்தவல்லி மில்லில் நூல் சுற்றுகிறவள். மில் ஒரு மாதம் ஓடினால் ஒரு மாதம் கதவடைத்திருக்கும். அதனால் எதையும் நேராகப் பார்த்துப் பேசுவது அவளுக்குப் பழகிவிட்டது.

"இப்ப மட்டும் புரிஞ்சிடப் போவுதா? நீ அஞ்சாவது, நான் அதுவும் இல்ல. சென்ட்ரல்னு போடு, மெட்ரிக்னு போடு, புள்ள புஸ்தகத்த விரிச்சிக்கினு ஒரு சந்தேகம் கேட்டா, நாம ரெண்டு பேரும் கூரை ஓட்டத்தான் பாக்கணும். அங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுக்க ஒரு மனுஷன் இருக்காரு. எனக்கு அது போதும். பாரீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஒனக்கு வுட்டுட்டு இருக்க முடியுமா?"

"முடியும்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த அடுப்பையே மறுபடியும் ஊதினாள்.

அவளே போய் நாத்தனாரிடம் சம்மதம் சொல்லிவிட்டு வந்தாள். சின்னப்பொண்ணு சந்தோஷத்தில் அழுதேவிட்டாளாம். அஞ்சு கவுனுக்குத் துணியும் கொடுத்தனுப்பியிருந்தாள். நாராயணசாமி பிரான்சிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்த துணிகள். பிறக்காத பிள்ளைக்கென்று எந்தக் காலத்திலோ வாங்கியவையாக இருக்கலாம். சின்னச் சின்னப் பூக்கள் போட்டவை.

சந்திரகலாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பனின் மிஷினுக்குப் பக்கத்தில், வெட்டுத்துணிக் குவியலில்தான் படுப்பாள். மிஷின் ஓடுகிற வரைக்கும் தூங்குவாள். நின்றால் விழித்துக்கொள்வாள். ஜானகிராமன் அவளுக்காகச் சில நாள் வெறும் மிஷினையே மிதித்துக்கொண்டிருப்பார். அன்றும் அங்கேதான் படுத்திருந்தாள். அத்தை வீட்டில் ஊஞ்சல் இருக்கிறது, மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று அவளே அடுக்கிக்கொண்டிருந்தாள். போவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. கண் சொருகும் நேரத்தில் மட்டும், "அப்பா, அங்க மிஷின் இருக்குமா?" என்றாள்.

அவர் கால் நின்றுவிட்டது.

"இல்ல கண்ணு. அங்க கடல் சத்தம் இருக்கும்."

அவள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "அதுவும் நிக்காம ஓடுமா?"

"நிக்கவே நிக்காது" என்று சொல்லி மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். தைக்கிற துணி கண்ணுக்குத் தெரியாததால், நூல் கோக்காத மிஷினைத்தான் அன்று வெகுநேரம் ஓட்டினார்.

கவுன்களை மறுநாள் காலை வெட்டினார். ஊர்ப்பிள்ளைகளின் யூனிஃபார்மெல்லாம் ஓரமாகக் கிடந்தது. கேட்டு வந்தவர்களுக்கு, "நாளைக்கு வாங்கம்மா" என்றார். அவ்வளவு அருமையாக வேலை அமைந்த துணியை அவர் தைத்து யாரும் பார்த்ததில்லை. கழுத்துக்குச் சின்னதாக ஒரு பைப்பிங், கைக்குப் பஃப், முதுகில் கட்டிக்கொள்ள நாடா. ஐந்தையும் முடித்து, கீழ்விளிம்பு மட்டும் பாக்கி இருந்தது. முதல் கவுனை எடுத்தார். கை பழகிய பழக்கத்தில் நாலு விரல் அளந்து துணியை உள்ளே மடித்தது. மடிப்பை விரலால் நீவினார். பிறகு என்ன தோன்றிற்றோ, மடிப்பைத் திரும்பப் பிரித்தார். பெரிய கத்தரியை எடுத்து, மூன்று விரலுக்கு மேல் இருந்த அந்தத் துணியைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டார். ஓரம் பிரியாமலிருக்க ஒரு நூலளவு மட்டும் மடித்து அடித்தார்.

உள்ளேயிருந்து வந்த அமிர்தவல்லி, தரையில் பூப்போட்ட நாடாவாக விழுந்து கிடந்த துணியைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க? வளர்ற புள்ள. தீவாளி வரைக்கும் தாங்குமா இது?"

"தாங்காது" என்றார் ஜானகிராமன், நிமிராமலேயே. "குட்டையாப் போச்சின்னா இட்டுக்கினு வரட்டும். நிக்க வெச்சி அளவு எடுக்கணும் இல்ல."

அமிர்தவல்லி தரையில் கிடந்த துணியை எடுத்துச் சுருட்டி வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அடுத்த கவுனை எடுத்து, விளிம்பை முழுக்கப் பிரித்து, அவர் கத்தரிக்கு வாகாக இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.