காதில் ஒன்றும் இல்லை

என் அக்காவின் காதில் சத்தம் கேட்கிறது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் முதலில் செய்த காரியம், ஆளுக்கு ஒருமுறை அவள் காதோடு தங்கள் காதை ஒட்டி வைத்துப் பார்த்ததுதான். உள்ளே கத்துவது எதுவாக இருந்தாலும் வெளியே கொஞ்சமாவது கேட்கத்தானே வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அம்மா வைத்துப் பார்த்தாள். சித்தி பார்த்தாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். வீட்டில் சின்னவள் என்பதால் என் முறை கடைசியில் வந்தது. அக்காவின் காது சுட்டது, விளக்கெண்ணெய் வாசனை அடித்தது, வேறு எதுவும் தெரியவில்லை. பெரியவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கியபின் நானும் பிதுக்குவதில் என்ன பெருமை என்று, "ரயில் மாதிரி கேக்குது" என்று சொல்லிவைத்தேன். அக்கா சிரித்துவிட்டாள். பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை.

அக்காவை ஒடுகத்தூரில் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு மலையடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற நிலம் இருந்தது. எங்கள் நைனா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். முழங்கால் வரை வெந்துபோன காலோடு வீட்டுக்கு வருகிற மனிதருக்கு, நிலம் உள்ள இடத்தில் பெண்ணைக் கொடுத்ததில் அடங்காத பெருமை. அந்த வீட்டில் அக்கா இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதைப் புதைத்த கையோடு உடம்பு தேறட்டும் என்று எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொண்ணு உண்டாச்சுன்னா பொண்ணு பொழைக்காது" என்று சொல்லியிருந்தாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்வதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் முடிவுகட்டிக்கொண்டாள். மாமா அவ்வப்போது மல்லாட்டை மூட்டையோடு வருவார், இரண்டு நாள் தங்குவார், அம்மா கோழி அடிப்பாள்.

அந்தக் காலத்தில் குளிர்க் காய்ச்சலுக்குக் கொயினாத் தூளைத் தபாலாபீசிலேயே சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றார்கள். அக்கா என்னை அனுப்பி வாங்கிவரச் சொல்வாள். "மலைக் காய்ச்சல் உட்டு உட்டு வருது பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்கும்" என்பாள். ஒடுகத்தூரிலிருந்து வருகிற யாருக்கும் காய்ச்சல் இல்லாமல் இருந்ததில்லை என்பதால் எனக்கு அதில் விசேஷம் எதுவும் தோன்றவில்லை. தபாலாபீஸ்காரர் முன்னால் மேஜையை எட்டிப்பிடித்து நின்று பெரிய மனுஷி மாதிரி "கொயினா" என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா அதை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வெல்லத்தோடு விழுங்குவாள், கசப்பில் உடம்பே உதறும். ஒருமுறை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். அம்மா வயிற்றுக் கடுப்பு என்று எங்களிடம் சொல்லிவிட்டு, யாரும் கூட வராதபடி பாலாற்றுக்குப் போய்த் துணி அலசிக்கொண்டு வந்தாள். பிறகும் மாமா வந்து போகும்போதெல்லாம் நான் தபாலாபீசுக்கு ஓடினேன். காது சத்தம் ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் அக்கா திரும்பமாட்டாள். முகத்துக்கு நேரே வந்து உரக்கச் சொன்னால்தான் பதில் வரும்.

வைத்தியத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. முதலில் நைனா. ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீரை ஒரு குடுவையில் கொண்டுவந்து, இளஞ்சூடாக்கி அக்காவின் காதில் விட்டார். அம்மா தயங்கியபோது, "செத்த மாட்டுத் தோலையே அழுகாம வச்சிருக்கிது, உசிரோட இருக்கிற காதுக்கு இன்னா கெடுதல் பண்ணிடப் போவுது?" என்றார். கெடுதல் பண்ணவில்லைதான். கழுத்து வரைக்கும் ஒழுகிய கறை நாள் கணக்கில் போகாமல் இருந்தது, அவ்வளவே.

பிறகு கடைத்தெரு ஹக்கீம் சாயபு. அவர் கண்ணை மூடி நாடி பிடித்துக்கொண்டே, "தேனீ மாதிரியா, மணி மாதிரியா, தண்ணி ஓடற மாதிரியாம்மா?" என்று கேட்டார். நான் அக்காவின் காதருகே அதைத் திருப்பிக் கத்தினேன். அக்கா தேனீ என்றாள். தேனீ என்றால் உடம்பில் சூடு ஜாஸ்தி என்று சொல்லி அவர் ஒரு லேகியம் கொடுத்தார். ஆனால் அக்கா அம்மாவிடம் சில்வண்டு என்று சொல்லியிருந்தாள். சித்தி கேட்டபோது சங்கு என்றாள். நான் கேட்டபோது, பொரி வறுக்கிற சட்டி மாதிரி என்றாள். அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று அன்று எனக்குப் பட்டது. கேட்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பெயரை நீட்டினால், இல்லாத பெயருக்குப் பதில் அதையே வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

இதற்குள் விஷயம் ஒடுகத்தூருக்குப் போய், அக்காவின் மாமியார் கிளம்பி வந்துவிட்டாள். காதோடு காது வைத்துப் பார்க்கிற சிரமமெல்லாம் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே தீர்ப்பு சொன்னாள். "காதுல சத்தம் சும்மா வருமா? ரெண்டு புள்ளைய முழுங்கினது எதுவோ, அதுதான் உள்ள குந்திக்கினு பேசுது. தைக்குள்ள சரி பண்ணி வையுங்க, வந்து கூட்டிக்கினு போறோம். இல்லன்னா என் தம்பி மவ இருக்கா."

தம்பி மகள் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் வாழாவெட்டியாகிவிடுவாளே என்று அம்மா அழுதாள், நைனா அழாமல் பல்லைக் கடித்தார். அக்காவுக்கு என்ன பயம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நைனாவைக் குறை சொல்லக்கூடாது. அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் ரயிலேற்றி, காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து, வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆம்பிளைகளை உள்ளே விடவில்லை. அக்காவின் காதில் கத்துவதற்கு ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் விட்டார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா கண்ணாடி ஒன்றை நெற்றியில் கட்டிக்கொண்டு அக்காவின் காதுக்குள் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கோலைத் தன் முழங்காலில் தட்டி அக்காவின் உச்சந்தலையில் நிறுத்தி, எந்தக் காதில் கேட்கிறது என்று நர்சு மூலம் கேட்டாள். சத்தம் தேனீயா மணியா என்று அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்டது வேறு.

"கொயினா சாப்படறியாம்மா?" என்று நர்சு கேட்டாள். நான் கத்தினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்குத்தானே? சொல்லும்மா, தப்பில்ல."

"காய்ச்சல் இல்ல" என்றாள் அக்கா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல் என்று எனக்குச் சொன்னவளும் இவள்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்து வலித்தது. சும்மா இருந்தேன். அதை அன்றே நைனாவிடம் சொல்லியிருக்கலாமோ என்று என்னைப் பின்னாளில் கேட்டவர்கள் உண்டு. சொல்லியிருந்தால் நைனா அவளைக் காட்பாடி தாண்டும் முன்னே தண்டவாளத்தில் தள்ளியிருப்பார். சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

டாக்டரம்மா என்னைத் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னாள். அக்காவைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா விக்கி விக்கி அழுகிற சத்தம். "நைனாகிட்ட சொல்லிடாதீங்க, உங்க கால்ல வேணா உழறேன்" என்றாள். காது கேட்காதவள் என்பதால் நர்சும் உரக்கவே பேசவேண்டியிருந்தது. "சொல்லமாட்டோம். ஆனா இனிமே அதத் தொடாத. தொட்டா ரெண்டு காதும் போயிடும், நீயும் போயிடுவ. ஒரு வருஷம் புருஷன் ஊட்டுக்கே போவாத, நாங்க சொல்றோம் உங்க நைனாகிட்ட."

கொயினாவை அளவுக்கு மேல் விழுங்கினால் கரு தங்காது என்று பெண்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது காதைத்தான் முதலில் தின்னும் என்பதை அந்தப் பேச்சு யாருக்கும் சொல்வதில்லை. அக்கா சாகப் பயந்துதான் அதைத் தின்றாள். இதெல்லாம் எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அன்று, கொயினா தின்றதற்கு ஏன் அழவேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா வாக்குத் தவறவில்லை. வெளியே வந்து நைனாவிடம் நர்சு மூலம் சொன்னாள்: "காதுல சீழோ புண்ணோ ஒண்ணும் இல்ல. உடம்புதான் ரொம்ப கெட்டுக் கிடக்குது. ஒரு வருஷம் உங்க ஊட்லயே வச்சிக்கோங்க, அனுப்பாதீங்க. தானா கம்மியாவும்." நைனா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் ரயில் குடியாத்தம் தாண்டும்போதே அவர் மனசில் அந்தப் பேச்சின் முதல் பாதிதான் மிஞ்சியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "டாக்டரம்மாவே பாத்துட்டா. காதுல ஒண்ணும் இல்லையாம்" என்றார்.

காதில் ஒன்றும் இல்லை, ஆனால் சத்தம் கேட்கிறது. அப்படியானால் அது என்னவாக இருக்கும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒடுகத்தூர்க்காரி சொன்னது சரி என்று வேலூர் ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

பேயோட்டப் பம்பைக்காரனோடு பூசாரியை அழைத்து வந்தார்கள். ஆற்றோரப் புளியந்தோப்பில், நல்ல வெயிலில், அக்காவை ஈரத்துணியோடு உட்காரவைத்தார்கள். சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடிக்கவேண்டும் என்று பூசாரி சொன்னார். பம்பை ஒரு காதோரம், உடுக்கை மறு காதோரம். அக்கா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பேய்தான் பொத்துகிறது என்று பூசாரி சொல்ல, அம்மா ஒரு கையையும் சித்தி ஒரு கையையும் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். "யாருடி நீ? சொல்லு. போறியா மாட்டியா?" என்று அவர் கேட்கக் கேட்க அடி ஏறிக்கொண்டே போனது. தூரத்தில் நின்ற எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. அக்கா தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு அலறினாள். அம்மாவின் பிடி தளரவில்லை. அம்மா அழுதுகொண்டேதான் பிடித்தாள். பெற்றவள் பாசம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்றால், அது எனக்கு வேண்டாம் என்று இந்த வயதிலும் தோன்றுகிறது.

"போறேன், போறேன்" என்று அக்கா கத்தியதும் பம்பை நின்றது. பூசாரி அக்காவின் முடியைக் கொத்தாக அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார். பிறகு அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "இப்ப சத்தம் கேக்குதா?" என்று கேட்டார்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பம்பைக்காரன் குச்சியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இல்ல" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தோப்பைச் சுற்றி ஓடினேன். அக்காவுக்குச் சரியாகிவிட்டது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னது நான்தான்.

ஒடுகத்தூர் வண்டி வந்தபோது தை பிறக்கவில்லை. நல்ல செய்தி கேட்டதும் மாமியார் காத்திருக்கவில்லை. அக்கா மூட்டை கட்டவில்லை, அம்மாதான் கட்டினாள். நைனா மஞ்சள் பூசிய கயிறு ஒன்றை அக்காவின் கையில் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள். "ஒரு வருஷம் இருக்கட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்களே நைனா."

"அது காதுக்காவ சொன்னதும்மா" என்று நைனா அவள் முகத்தருகே உரக்கச் சொன்னார். "காதுதான் சரியாப் போச்சே."

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். "சரியாவல. பொய் சொன்னேன். இப்பவும் கேக்குது. முன்னவிட ஜாஸ்தியா கேக்குது."

"வண்டியப் பாத்ததும் திரும்பி வந்துடுச்சா?" என்றாள் மாமியார். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தாய்வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம்தானே. நைனாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அக்கா தானே வண்டியில் ஏறிக்கொண்டாள். ஊரறிய அவள் ஒரே ஒரு பொய் சொன்னாள், அதை எல்லோரும் நம்பினார்கள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, அக்கா" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். அவள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பொங்கலுக்கு வரட்டும், பேசவே மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். பொங்கலுக்கு அவளை அனுப்பவில்லை. உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள், அம்மா தெருவுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தாள். ஆடியில் ஆள் வந்தான். தாயும் பிள்ளையும் தங்கவில்லை என்றான். பேய் கூடவே போய்விட்டது என்றார்கள். எல்லோரும் அழுதபோது நானும் அழுதேன், ஆனால் திரும்பிப் பார்க்காமல் போனாளே என்ற கோபம் அந்த அழுகைக்குள்ளும் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி, காய்ச்சல் வந்து, டாக்டர் கொயினா கொடுத்த வாரத்தில் என் காதிலும் அது கேட்க ஆரம்பித்தது. தேனீயும் இல்லை, மணியும் இல்லை, அதற்குப் பெயர் கிடையாது. நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் முன்னால் வந்து நின்றாள், முகமெல்லாம் கண்ணீர். எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்று கூப்பிடுகிறேன், நீ ஏன் திரும்பவே இல்லை என்று கேட்டாள்.