சுரத்துக்குக் கீழே தமிழ்

சென்ற ஞாயிறன்று மாதா கோவில் வாயிலில் என் கையில் ஓர் ஒளிநகல் தாளைத் திணித்தார்கள். சூடு ஆறாத தாள். நகலெந்திரத்தின் கரிமைப் பொடி மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன், விளங்கவில்லை. மறுபடியும் எழுத்துக் கூட்டினேன். முதல் வரியில் பாதியைக் கடந்த பிறகுதான் உறைத்தது: அது நான் எழுதிய பாட்டு! பணிக்காலமெல்லாம் பள்ளியில் தமிழ் கற்பித்தவன், தான் எழுதிய கிறித்துமசுத் தாலாட்டைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி, அதை ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

எனக்குச் சினம் வந்தால் சொற்றொடர்கள் நீளும். நண்பர் நீங்கள் அதை அறிவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரிமை மணம் என்னைத் தொண்ணூறுகளின் மணமொன்றுக்கு இழுத்துச் சென்றது. திண்டுக்கல்லில் எங்கள் பாடகர் குழு கூடிய கூடத்தில் நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மையின் வாடை எந்நேரமும் இருக்கும். சனிக்கிழமை மாலைகளில் நிலக்கோட்டை வேன் பீடத்துக்கான மல்லிகைக் கூடைகளை அங்கேதான் இறக்கிவைக்கும். மையும் மல்லிகையும் கலந்த அந்த நெடியில் எனக்குத் தும்மல் வரும். என் தும்மல் தாளத்தில் விழுவதில்லை என்று வயலின்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள்.

நான்கு வயலின், ஒரு செல்லோ, திருமண ஊர்வலங்களில் ஊதும் இருவரின் கிளாரினெட், இருபது குரல்கள்: இதுவே எங்கள் இசைக்குழு. எல்லாருக்குமான வரிகளும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக அமையும் முழுத்தாளை நாங்கள் கையாலேயே எழுதினோம். ஊதுகருவிகள் மேலே, வயலினும் செல்லோவும் அடியில், பாடுவோரின் வரி வயலின்களுக்கு நேர்மேலே என்பது உலக வழக்கு. அதை நாங்கள் மீறவில்லை. மேனாட்டு இசைக்குறியீட்டின் ஐந்து கோடுகளையும் சுரங்களையும் பிறர் வரைவார்கள். சுரங்களுக்குக் கீழே சொற்களைப் பிரித்து எழுதுவது என் பொறுப்பு.

அதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ‘கண்வளராய்’ என்ற சொல்லில் முதல் அசையை ஐந்து சுரங்களுக்கு நீட்ட வேண்டும். மேனாட்டு வழக்கப்படி முதற்சுரத்தின் கீழ் ‘கண்’ என்று எழுதி, பின்னால் ஒரு கோட்டை இழுத்துவிட்டால் எங்கள் ஆட்கள் உடனே ‘ண்’ என்று மூக்கில் போய் அடைத்துக்கொள்வார்கள். மீதி நான்கு சுரமும் முனகலாகிவிடும். ஆகவே முதற்சுரத்தின் கீழ் ‘க’ மட்டும், இடையில் கோடு, ஐந்தாம் சுரத்தின் கீழ் ‘ண்’. வாய் திறந்தே இருக்கும், கடைசியில்தான் மூடும்.

அதை அமலி பாடிக் கேட்க வேண்டும். அமலி வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்த்தவள். பணி முடிந்து மில் பேருந்தில் வந்து இறங்கும்போது கூந்தலில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. ஆயினும் ஐந்துகோட்டுச் சுரங்களை எங்கள் கூடத்திலேயே கற்றுக்கொண்டு, புதுத்தாளைக் கொடுத்தவுடன் பாடுவாள். தாலாட்டின் தனிப்பாட்டு ஆண்டுதோறும் அவளுடையது. ஆலையில் எந்திரத்துக்குப் பின்னால் நிற்பவளுக்கு ஊர் முழுவதும் செவிசாய்க்கும் பொழுது ஆண்டில் அது ஒன்றே.

என் செந்தமிழைக் கேலி செய்யும் உரிமையும் அவளுக்கு இருந்தது. குழுவை நடத்துபவரை நான் ‘நடத்துநர்’ என்றபோது, “அப்ப டிக்கெட்டு யாரு சார் கிழிப்பா?” என்று கூடத்தையே சிரிக்கவைத்தாள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்புக்கு லியோ வந்தான். சென்னையில் இசை பயின்று திரும்பியவன். திறமையில் குறைசொல்ல மாட்டேன். கூடவே ஒரு கணினியும், இசைத்தாள் எழுதும் மென்பொருளும் வந்தன. முழுத்தாளை அமைத்துவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனித்தாளை அதுவே பிரித்துத் தந்தது. நானும் வாய்பிளந்து பார்த்தேன் என்பதை மறைப்பானேன்?

சொற்களிடம் வந்தபோதுதான் வினை தொடங்கியது. அம்மென்பொருளில் சிறுகோட்டு (-) விசையைத் தட்டினால், அடுத்த சுரத்துக்குப் போ என்று பொருள். அந்நாளைய தமிழ் எழுத்துருவோ ஆங்கில விசை ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ் எழுத்தைக் குடிவைத்திருந்தது; சிறுகோட்டின் விசையிலும்தான். அவ்வெழுத்தைத் தட்டும்போதெல்லாம் சொல் பாதியில் அறுந்து பக்கத்துச் சுரத்துக்குத் தாவியது.

“தமிழ் ஏற மாட்டேங்குது சார். இங்கிலீஷ் லெட்டர்லயே அடிச்சிருவோம். எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்துதான?” என்றான் லியோ.

“சுரங்களை மட்டும் அச்சிட்டு, கீழே இடம் விடு. சொற்களை நான் எழுதித் தருகிறேன்” என்றேன்.

“பிரிண்ட் பண்ணுன பேப்பர்ல கையெழுத்தா? அசிங்கமா இருக்கும் சார்.”

அசிங்கம்! அந்தச் சொல்லை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை. தமிழ்ப் பாட்டைத் தமிழ்க் கோவிலில் தமிழர் பாடுவதற்குத் தமிழில் எழுதுவது அசிங்கமாம். எந்திரத்தால் முடியாததை எந்திரத்தின் குறை என்று சொல்லாமல், எழுத்தின் குறை என்று தீர்ப்பெழுதிய அந்த அவசரத்தை என்னென்பது?

அந்த ஆண்டு லியோ தாலாட்டின் சொற்களைப் புதுச் சுரங்களில் அமைத்திருந்ததால் பழைய மனப்பாடம் உதவவில்லை; முதல் ஒத்திகையில் அமலி திணறினாள். “எழுத்தெல்லாம் தெரியுது சார். கூட்டி வாசிக்கறதுக்குள்ள பாட்டு போயிருது” என்றாள். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு சுரத்தின் கீழும் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வந்தாள். ‘க’ முதலில், ‘ண்’ கடைசியில், எங்கள் வழக்கப்படியே.

ஆனால் மென்பொருளால் திருத்தம் எளிதாகிவிட்டதல்லவா? லியோ சில இடங்களை மாற்றிப் புதுத்தாள் அச்சிட்டிருந்தான். பழையவற்றை வாங்கி அடுக்கினான்.

“நான் எழுதுனது அதுல இருக்கு தம்பி” என்றாள் அமலி.

“அது பழைய வெர்ஷன்க்கா. செல்லாது.”

“செத்த நேரம் குடு. இதுலயும் எழுதிக்கிறேன்.”

“அம்புட்டுப் பேரும் நிக்கிறாங்கக்கா. வயலின் எடுத்தாச்சு.”

வயலின்கள் தொடங்கின. அமலி இரண்டாம் அடியில் தடுக்கினாள். மறுபடி தொடங்கினார்கள்; மறுபடியும் அங்கேயே நின்றாள். லியோ கையை இறக்கிவிட்டு, கல்லூரி மாணவி ஒருத்தியைப் பார்த்து, “நீ பாடும்மா” என்றான். அவளும் நன்றாகவே பாடினாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அமலி தன் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று வெளியேறினாள். அவள் ஊர்ப் பேருந்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“ஒரு மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் வெளியே நிற்க வேண்டியது மென்பொருள்தான். அமலி அல்லள்!” என்று நான் முழங்கினேன்.

“சார், இது பட்டிமன்றம் இல்ல” என்றான் லியோ. சிலர் சிரித்தார்கள். நானும் வெளியேறினேன். கதவை அறைந்து சாத்த எண்ணினேன்; அது மல்லிகைக் கூடையில் இடித்து மெல்லத் திரும்பி வந்தது. என் புரட்சிகளின் கதி அது.

அமலி அந்தக் கிறித்துமசுக்குப் பாடவில்லை. அதன்பின் எந்த ஆண்டும் பாடவில்லை. அவள் பென்சிலால் எழுதிய தாளை நான் ஒருமுறை கண்டேன். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், அதில் செல்லோவுக்கான வரியை அச்சிட்டிருந்தார்கள்.

இன்று அக்குறை தீர்ந்துவிட்டது. இப்போதைய மென்பொருள்களில் தமிழ் தடங்கலின்றி ஏறுகிறது; ‘க’வை இங்கும் ‘ண்’ணை அங்கும் வைக்கலாம். விசாரித்துத்தான் சொல்கிறேன். பிறகேன் ஆங்கில எழுத்து என்று வாயிலில் தாள் கொடுத்த பெண்ணைக் கேட்டேன். “தமிழ்ல குடுத்தா குவயர்ல பாதிப் பேருக்கு வாசிக்க வராது அங்கிள்” என்றாள், மிக இயல்பாக. அன்று எந்திரத்துக்குத் தமிழ் வரவில்லை. இன்று எந்திரத்துக்கு வருகிறது. இதற்கு யார்மேல் சினங்கொள்வது என்று தெரியாத சினம் எல்லாவற்றிலும் கொடிது.

உள்ளே போய் அமர்ந்தேன். பக்கத்து வரிசை ஓரத்தில் அமலி. கூந்தலில் இப்போது இருந்த வெள்ளை பஞ்சன்று, நரை. அவள் கையிலும் அந்தத் தாள்; மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்கியது. பாடகர்கள் முதற்சுரத்திலேயே ‘ண்’ணில் வாயை மூடிக்கொண்டு முனகினார்கள்.

“பாடலையா அமலி? உனக்கு மனப்பாடம்தானே?” என்றேன் மெல்ல.

“மனசுல இருக்கு சார். பேப்பரக் கையில குடுத்துட்டாகல்ல, வாய் வரமாட்டேங்குது.”

என் கையிலும் அதே தாள்தான். எழுதியவனும் பாடியவளும் அந்தப் பாட்டு முடியும்வரை வாய் திறக்காமல் அமர்ந்திருந்தோம்.