பேண்டேஜ் துணிக்கு ஒரு ஸ்கேனர்

கொரகொரவென்று ஒரு சத்தம். சந்து திரும்புவதற்கு முன்பே காதில் விழுந்தது, அம்மியில் சரளைக்கல்லைப் போட்டு அரைப்பதுபோல. ஸ்கேனர் மாட்டும் தொழிலில் முதல் மூலதனம் காது, கண் அப்புறம்தான். வீட்டுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு நிரந்தர நைட் ஷிப்ட். இழை அறுந்தால் ஒட்டுவது வேலை. விடிந்தால் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். தூக்கம் வராத பகலை என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸில் புத்தகம் வைத்துப் படித்தே கம்ப்யூட்டர் கற்றேன். பேண்டேஜ் துணி நெய்து விற்கும் சாகுல் பாயிடம் மும்பை ஏஜெண்ட் ஒருவர், துணியின் படத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார். அதற்காகப் பாய் ஒரு ஸ்கேனர் வாங்கி, மாட்டித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆர்டர் கிடைத்தால் தன் ஆபீஸில் எனக்குப் பகல் வேலை என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். ஊர் தூங்கும் நேரத்தில் நானும் தூங்கலாம். அந்த ஆசைதான் என்னை அந்தச் சந்துக்குள் இழுத்தது.

பூட்டு

பாய் வீட்டு முன்னறையில் ஸ்கேனர் உறுமிக்கொண்டிருந்தது. வயரைச் செருகி, சுவிட்சையும் போட்டுவிட்டு, பாய் அதை ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கைச் சுமந்து ஓடும் வண்டி வழியில் ஆடி உடையாமலிருக்க, அடியில் ஒரு பூட்டு போட்டு அனுப்புவார்கள். அதைத் திறந்த பிறகே கரண்ட் கொடுக்கவேண்டும் என்று மஞ்சள் தாளில் கொட்டை எழுத்தில், படமும் போட்டு, ஸ்கேனர் மேலேயே ஒட்டியிருந்தது. பூட்டைத் திறந்தேன். சத்தம் நின்றது. தாளைப் பிய்க்கப் போன கையைப் பாய் பிடித்துக்கொண்டார்.

“அது புதுசா இருக்கட்டும் தம்பி. பூட்டுன்னா பத்திரத்துக்குத்தானன்னு விட்டுட்டேன். எங்க வீட்ல பீரோவக்கூடத் தொறந்து போடமாட்டோம்.”

யாருக்கு முதல் அழைப்பு

பிரிண்டரும் ஸ்கேனரும் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த ஒரே ஓட்டையில் குடித்தனம் நடத்திய காலம் அது. ஸ்கேனருக்கு முதலில் சுவிட்ச் போட்டு, அது தொண்டையைக் கனைத்து முடித்த பிறகே கம்ப்யூட்டரை எழுப்பவேண்டும். வரிசை மாறினால், ஸ்கேனர் என்று ஒன்று இந்த வீட்டிலேயே இல்லை என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்யும். பாய் தினமும் மாற்றினார். எது பெரிதோ அதற்கு முதல் சுவிட்ச் என்பது அவர் நியாயம். நானும் தினமும் ஷிப்ட் முடிந்த சிவந்த கண்ணோடு போய், அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த பாயம்மா செத்த நேரம் நின்று பார்த்தார்.

“மொதப் பத்திரிகை இவருக்கு வைக்கலன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாரோ? எங்க சம்பந்தி கெட்டாரு போங்க.”

வெள்ளைக்குள் வெள்ளை

ஒருவழியாக வரிசை பிடிபட்டது. கண்ணாடிமேல் துணியை விரித்து மூடினோம். திரையில் வந்தது வெறும் வெள்ளை. துணியும் வெள்ளை, மூடியின் உட்புறமும் வெள்ளை. பாய் துணியை மாற்றினார், மடித்துப் போட்டார், நீவிவிட்டார். உலகத்தரமான வெள்ளை வந்துகொண்டே இருந்தது. மூலையில் ஒரு கிழிந்த குடை கிடந்தது. அதன் கறுப்புத் துணியை வெட்டிப் பின்னால் வைத்தேன். இழை இழையாகத் துணி எழுந்து வந்தது. ஆர்டரே வந்துவிட்ட மாதிரி இருந்தது பாயின் முகம்.

“மழைக்கு ஒதவாத கொட, ஏவாரத்துக்கு ஒதவுது பாருங்க தம்பி.”

பாவில் ஒரு சந்து

அதோடு நின்றிருக்கலாம். என் மேதாவித்தனம், படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வோர் இழையும் தேர்வடம் மாதிரி நின்றது. நடுநடுவே வடம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக்கோடு. நெடுக்கில் ஓடும் பாவு இழை அறுந்தபோது முடிச்சுப் போடாமலே தறியை ஓட்டியிருக்கிறார்கள். வேறு துண்டு எடுத்தோம். வேறு தறித் துணியும் எடுத்தோம். கறுப்புக்கோடு எங்களை விடவில்லை. பாய் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரல் இறங்கிவிட்டது.

“பெருசா ஒண்ணும் வேண்டாம் தம்பி. விட்டுப்போன இழைய மட்டும் கம்ப்யூட்டர்லயே வச்சு நெய்ஞ்சிருங்க.”

பகல் வேலை

செய்ய முடியும் என்பதுதான் கொடுமை. பக்கத்து இழையை நகலெடுத்து மவுஸால் இழுத்து வைத்தால் போதும். ராத்திரியெல்லாம் நின்றுகொண்டு விரலால் செய்வதைப் பகலில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து செய்யலாம். ஓர் இழையை வைத்தும் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. பிறகு அழித்துவிட்டேன். காயத்தில் வைக்கிற துணி படத்திலிருந்து இறங்கி வரப்போவதில்லை, சரக்கு போனதும் அதை விரித்துப் பார்க்க மும்பையிலும் ஒரு ஸ்கேனர் இருக்கும் பாய் என்றேன். பாய் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், ஏஜெண்ட் பெரிதாக்கியெல்லாம் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில் படத்தை உள்ளபடியே அனுப்பச் சொன்னார்.

ஏஜெண்ட் பெரிதாக்கிப் பார்த்தார். ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என் பகல் வேலையும் போனது. அடுத்த முறை நான் போனபோது ஸ்கேனரைப் பேண்டேஜ் துணியால் போர்த்தி வைத்திருந்தார்கள், அடிபட்டது அதற்குத்தான் என்பதுபோல. பாய் கோபிக்கவில்லை. டீ கூடச் சொன்னார்.

“நீங்க மாட்டுனதாலதான தெரிஞ்சுது. அதுவரைக்கும் நல்ல துணிதான தம்பி அது.”

ஆகவே, ஓட்டையைப் பெரிதாக்கிக் காட்டும் மெஷினை ஒரு வீட்டில் மாட்டிக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் வேலையையும் எதிர்பார்ப்பவன், என்னைப்போல் ராத்திரி விழித்திருக்கத்தான் லாயக்கு. அன்று ஷிப்டுக்குப் போனபோது என் நூற்பு ஃபிரேமில் ஓர் இழை அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து ஒட்டினேன்.