டாக்டர் ரத்தினசாமி எழுதிய விலக்குச் சீட்டுகள்

டாக்டர் ரத்தினசாமி காலமான செய்தியை வில்லியனூர் ரயிலடியில் அவருடைய குமாஸ்தா சொன்னார். சக வைத்தியன் என்ற முறையில் இரங்கல் கூட்டத்தில் நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நான் பேசினால் கூட்டம் தாங்காது. அதனால் அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் படித்த நாளில், அம்மை குத்திக்கொள்ளாதவனைக் கல்லூரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உடம்பு தாங்காது என்று டாக்டர் சீட்டு எழுதினால் மட்டும் விலக்கு உண்டு. அந்தச் சீட்டைப் பாகூர்ப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு ரத்தினசாமி வாரி வழங்கினார். குத்தினால் காய்ச்சல் வருமே என்று தாய்மார்கள் பயந்தார்கள். அவருக்கு அது போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நோய், பலவீனமான இருதயம். பந்து விளையாட்டில் எங்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியவை அந்த இருதயங்கள்தான். "பெரிய வூட்டுப் புள்ளைங்க, மேனி தாங்காது" என்பார். அவருடைய வைத்திய ஞானம் அவ்வளவுதான்.

என் அறைத்தோழன் யூசுப், வில்லியனூர் ஜவுளிக்கடைக்காரர் மகன். என்னைப் போல அவனும் மருத்துவம் படிக்க வந்தவன். சிறு வயதிலிருந்தே அவனுக்கு இரண்டு கையிலும் கரப்பான், நீர் வடியும். கரப்பான் உள்ள உடம்பில் அம்மை குத்தினால் ஆபத்து, அதனால் விலக்குச் சீட்டுக் கேட்க அவனுடைய அத்தாவும் நானும் அவனை ரத்தினசாமியிடம் அழைத்துப் போனோம். பண்ணை வீட்டாருக்கு நாற்காலி போடுகிறவர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். யூசுப் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொறி சிரங்குக்கெல்லாம் சீட்டு எழுதுனா, அப்புறம் எவன்டா குத்திக்குவான்?"

கல்லூரியில் குத்தினார்கள். சில நாளில் கரப்பான் இருந்த இடமெல்லாம் கொப்புளம் கிளம்பி முகத்துக்கும் ஏறியது. உயிர் தப்பியது, இரண்டு கண்களும் போயின. அத்தா மறுபடி போய்க் கேட்டதற்கு, "ரத்தம் கெட்ட உடம்பு, நான் இன்னா பண்றது" என்றாராம். அதன் பிறகும் ஊர் அவரைக் கும்பிட்டது. செத்தவரைக் குறை சொல்லலாகாது என்று இப்போது எனக்குப் புத்தி சொல்கிறவர்கள், கண் போனவனுக்காக அன்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

செய்தியை யூசுப்பிடம் கடையில் போய்ச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"அவர நல்லவருன்னு மட்டும் சொல்லாதபா" என்றான்.

சொல்லவில்லை. இப்போது நான் வைத்தியம் பார்க்கும் பாகூரில் என்னிடமும் விலக்குக் கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்பதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். டாக்டர் ரத்தினசாமியால் எனக்கு வந்த பழக்கம் இது ஒன்றுதான்.