ஃபுவாதினோவின் நீண்ட ஜெபம்

ஃபுவாதினோ பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. முப்பத்தாறு வயது, நான்கு பெண்களைப் பெற்றவள், தேவாலயப் பாட்டுக்குழுவில் அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். கல்யாணமான புதிதில் தப்பியோடிய பன்றியைத் துரத்திப் போய்ப் பாதிரியார் படுக்கையிலேயே மடக்கியவள் என்று ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ஜனவரியில் ஒரு வாய் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. காரணம், சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் வந்து நின்ற போர்க்கப்பல்.

சமோவாவைச் சமோவாக்காரர்களே ஆள வேண்டும் என்று மௌ இயக்கம் கேட்டது. அதற்குப் பதிலாக டிசம்பரில் ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டது. அதோடு விட்டார்களா? தீவை ஆண்டுகொண்டிருந்த நியூசிலாந்துத் துரைமாருக்குத் தைரியம் போதவில்லை போலிருக்கிறது, கப்பலையும் வரவழைத்துக்கொண்டார்கள். மைல் கணக்கில் குண்டு பாயும் பீரங்கியோடு வந்து, சேப்பங்கிழங்கு தின்று பிழைக்கிற மனிதர்களைத் தேடினார்கள். மௌ ஆண்கள் எல்லாரும் மலைக்காட்டுக்குள் போய்விட்டார்கள். மாலுமிகள் ஊர் ஊராக இறங்கினார்கள். அகப்பட்டவனுக்குச் சிறை.

ஃபுவாதினோவின் கணவன் இயோசுவாவும் காட்டுக்குப் போனவன்தான். பத்தாம் நாள் காலில் புண் சீழ் வைத்து, காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தான். வீடு என்பது தூணும் கூரையும்தான். கடற்கரையில் போகிறவனுக்கும் உள்ளே படுத்திருப்பவன் தெரிவான். எனவே பின்னாலிருந்த சமையல் குடிசையில், காய்ந்த தென்னோலைக் குவியலுக்குள் அவனைக் கிடத்தினாள். குடிசையைத் தாண்டினால் சேம்புத் தோட்டம், தோட்டம் முடிந்தால் காடு. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நொண்டி நொண்டி நடக்கவும் முடிந்தது.

“நாளைக்கு விடியுமுன்ன கெளம்பிரு மனுசா. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு” என்றாள்.

“இன்னும் ஒரு நாள் இருக்கேனே. காட்டுல உன் சமையலும் இல்ல, உன் ஏச்சும் இல்ல. எப்படித் தூக்கம் வரும்?”

“ஜெயில்ல ரெண்டும் தருவாங்களோ? சிரிக்காத. அவனுங்க கையில சிக்குனா உன்ன முழுசாப் பாப்பேனோ மாட்டேனோ. எனக்குப் பயமா இருக்கு.”

அன்று மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. சங்கு ஊதிவிட்டால் ஊரில் யாரும் நடக்கக் கூடாது. இருந்த இடத்தில் உட்கார வேண்டும். மீறினால் அந்தக் குடும்பம் ஊருக்குப் பன்றி அறுத்துப் போட வேண்டும். ஆனால் பன்றிக்குப் பயந்து யாரும் உட்காரவில்லை. எழுந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். ஆண்கள் இல்லாததால் வீட்டுக்கு வீடு பெண்கள்தான் ஜெபம் நடத்தினார்கள். ஃபுவாதினோவின் ஜெபம் நாலே வரி. “கடவுள்கிட்டப் பேசக்கூட உனக்குச் சோம்பலா?” என்று வீட்டோடு இருந்த நாத்தனார் சலாஃபாய் தினமும் குத்துவாள்.

பாட்டு முடிகிற நேரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எட்டு மாலுமிகள், இளவயது அதிகாரி ஒருவன், வழிகாட்ட சமோவாவின் சவாயி தீவைச் சேர்ந்த போலீஸ்காரன் ஒருவன். இந்த நேரத்தில் போனால் ஊரே உட்கார்ந்திருக்கும் என்று எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான், நன்றாயிருப்பானா அவன்! ஃபுவாதினோவின் கண் சமையல் குடிசைப் பக்கம் போனது. ஜெபத்தின் நடுவில் ஒருத்தி எழுந்தால் எதற்கு எழுந்தாள் என்று அந்தப் போலீஸ்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினாள்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றிருந்தான். அதிகாரி அவனிடம் ஏதோ கேட்டான். அவன் தலை நிமிராமல், பொறு என்று கையை மட்டும் காட்டினான். என்ன நினைத்தானோ, அதிகாரியும் தொப்பியைக் கழற்றி, மாலுமிகளை நிறுத்தி வைத்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆமென் சொல்லும்வரை இவர்கள் நகர மாட்டார்கள்.

“ஆண்டவரே, ராசாவ ஆசீர்வதியும். துரைய ஆசீர்வதியும். கப்பல ஆசீர்வதியும், கப்பல்ல சமைக்கிறவன ஆசீர்வதியும். இந்தப் புள்ளைங்களப் பெத்த தாய்மாரு எந்த ஊர்ல இருந்தாலும்...”

சொல்லச் சொல்ல வியர்த்து ஊற்றியது. பிறகு குரலை உயர்த்தினாள்.

“ஆண்டவரே, கொழந்தையக் கொல்ல ஏரோது வர்றான்னு யோசேப்ப எழுப்புனீரே, எந்திரிச்சு ஓடுன்னு சொன்னீரே! இப்பவும் படுத்துக் கெடக்கிறவங்க யாராச்சும் இருந்தா எழுப்பிவிடும். பின்பக்கமாப் போகச் சொல்லும்!”

“ஆமா ஆண்டவரே, சீக்கிரம் போகச் சொல்லும்” என்று சலாஃபாயும் சேர்ந்துகொண்டாள்.

போலீஸ்காரனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தலை நிமிரவில்லை.

இயோசுவா இப்போது ஓலையை விலக்கியிருப்பான். இப்போது சேம்புத் தோட்டம். இப்போது காட்டோரம். மனதுக்குள் அவள் அவனை ஒவ்வோர் அடியாக நடத்திக்கொண்டு போனாள். சின்ன மகள் கால் மரத்துப்போய் அழுதாள். மாலுமி ஒருவன் கொட்டாவி விட்டான். ஜெபிக்க ஆள் தீர்ந்துபோய் அவள் ஈரப்பலா மரங்களுக்காகவும் ஜெபித்தாள். தொண்டை கட்டிக்கொண்டது. போதும், நொண்டிக் காலோடு நடந்தாலும் இந்நேரம் காட்டுக்குள் போயிருப்பான்.

“ஆமென்” என்றாள்.

வீட்டில் எல்லாரும் ஆமென் என்றார்கள். போலீஸ்காரனும் சொன்னான். சமையல் குடிசையிலிருந்து, கனத்த ஆண் குரலில், இன்னோர் ஆமென் வந்தது.

இரண்டு மாலுமிகள் அவனை இழுத்து வந்தார்கள். தலையெல்லாம் ஓலைத் தூசி. ஃபுவாதினோ ஓடிப்போய் அவன் கையைப் பற்றினாள்.

“தொண்டை கிழியக் கத்துனேனே, ஓடு ஓடுன்னு! உன் காதுல விழலியா?”

“விழுந்துச்சு.”

“பெறகு ஏன் கெடந்த, பாவி மனுசா?”

இயோசுவா ஒன்றும் புரியாதவனைப் போல அவளைப் பார்த்தான்.

“நீ இன்னும் ஆமென் சொல்லலியே. அதுக்குள்ள நான் எப்படி எந்திரிப்பேன்?”