பாட்டுக்கு நடுவே ஒரு மூச்சு

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, எதையும் இருந்தபடி இருக்கவிடத் தெரியாது. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் குடியிருந்தார். கேசட் டேப்ரெக்கார்டர் ஒன்று வாங்கினார். அதற்கப்புறம் ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பெரியம்மா பாடிய பெரிய ஸ்பூல் நாடாவைக் கேசட்டுக்கு மாற்றியது நல்ல எண்ணத்தில்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா அம்மாவுக்கு ஒரே அக்கா. நாங்கள் வேலூரிலிருந்து கப்பலேற வருவதற்கு முந்தின வாரம், சொந்தக்காரர் வீட்டு மெஷினில் அவளைப் பாடவைத்து அம்மா கையோடு கொண்டுவந்த ஸ்பூல் அது. அப்பா பட்டாளத்துக்காரர் என்று தெற்குக் கடைசித் தீவில், கேம்பல் பேயில், எங்களுக்கு நிலம் கொடுத்தார்கள், கரண்ட் கொடுக்கவில்லை. ஸ்பூல் ஓடக் கரண்ட் வேண்டும். அதனால் வழியில் போட்டுக் கேட்டதோடு அது மாமா வீட்டிலேயே தங்கிவிட்டது. கேசட்டுக்கு நாலு பேட்டரி போதும்.

மாமா அந்தப் பெட்டியோடு வந்து இறங்கியபோது பெரியம்மா உயிரோடு இல்லை. ராத்திரி மூச்சு முட்டித் திடீரென்று போய்விட்டாள் என்று முந்தின கப்பலில் கடிதம் வந்திருந்தது.

அன்று மத்தியானம் நல்ல மழை. துக்கம் கேட்கப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். மாமா பொத்தானை அமுக்கினார். பெரியம்மா பாடினாள். அம்மா, "ஐயோ என் அக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு அடி போவதற்குள் அம்மாவின் முகம் மாறியது. ஸ்பூலில் பெரியம்மா குரலைத் தாழ்த்தும் இடத்தில் நாம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். இதில் எல்லாம் ஒரே உயரம். அவள் கையில் தாளம் போடும்போது கேட்ட வளையல் சத்தமும் இல்லை.

அடி முடிந்து பாட்டு நின்ற இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது, உள் அறையிலிருந்து யாரோ நடந்து வருகிற மாதிரி. பாட்டு தொடங்கியதும் மறைந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழே தெரியாத பஞ்சாபிக்காரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "கமரே மே ஔர் கௌன் ஹை?" என்றாள். அறைக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள்!

"ஏண்டா, ஸ்பூல்ல இது கேக்கலியே? என்னடா பண்ணித் தொலச்ச?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. எல்லாம் ஆட்டோமேட்டிக். சத்தம் பெருசா வந்தா மெஷினே அமுக்கிடும், சின்னதா வந்தா அதுவே தூக்கிவிட்டுடும்."

"வளையலு எங்கடா?"

"இதுல நாடா மெதுவா ஓடுது இல்ல, அந்த மாதிரி கணீர்னு வர்றது நிக்காதுக்கா."

"எனக்கு அந்த ஸ்பூலே போதும். அதக் குடுத்துடு."

மாமா தரையைப் பார்த்தார். "அது மேலயே ரேடியோ பாட்டு புடிச்சிட்டேன்கா."

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா மெதுவாக, "அந்த மூச்சு மெஷினோடதா?" என்று கேட்டாள்.

"மெஷினுக்கு ஏதுக்கா மூச்சு? இருக்கறதத்தான் அது தூக்கும்," என்றார் மாமா, பெருமையாக.

மாமா பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அம்மா தினமும் அதைப் போட்டாள். பாடும்போது சும்மா உட்கார்ந்திருப்பாள். பாட்டு நிற்கும் இடம் வந்தால் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வாள். முதல் பாட்டு முடிந்ததும் சட்டென்று அணைத்துவிடுவாள். அதற்குள் பெரியம்மாவின் பேய் குடியிருக்கிறது, அம்மாவுக்கும் பயம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பேய் பிடித்தால் அம்மா எனக்கு இல்லாமல் போய்விடுவாளே என்று அப்பாவிடம் ஓடினேன். சொன்னால் சிரித்தார்.

ஒருநாள் அம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெட்டியைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. மூச்சு வந்தது. இந்தத் தடவை அது மறையவில்லை. விசில் மாதிரி இழுத்து இழுத்து வீட்டையே நிறைத்தது. அணைக்கக் கை வரவில்லை. அப்போது பெட்டிக்குள் அம்மாவின் குரல், சிரித்துக்கொண்டே: "அக்கா, இன்னொண்ணு. இதான் கடைசி, சத்தியமா." நாலு தடவை மூச்சு இழுத்தது. பெரியம்மா பாட ஆரம்பித்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா, அதுல பேய் இல்ல! நீயும் இருக்க! நீ கேட்டதும் பெரியம்மா உடனே பாடறாங்க!"

அம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நான் உள்ளே ஓடி, அந்த இடத்துக்கே நாடாவைத் திருப்பி, அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.